முப்பத்து நான்கு மணித்தியாலம்

என் அக்கா ரொறன்ரோவில் தன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்க முப்பத்து நான்கு மணித்தியாலம் எடுக்கும். விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருக்க நாலு, டுபாய்வரை பறக்கப் பன்னிரண்டரை, அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க ஐந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாலரை, பிறகு வாடகை வானில் றோட்டால் வடக்கு நோக்கி எட்டு. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் இப்படி ஓர் எண் இருக்கும். லண்டன்காரர் வீட்டில் அது கொஞ்சம் குறைவு. இடையில் எத்தனை மைல் என்று கேட்டால் அநேகமாக யாருக்கும் தெரியாது. புவியியல் படிப்பித்த எனக்கே அது பாடப்புத்தகத்து விஷயம்தான். ஆள் வந்து சேர எவ்வளவு நேரம் என்பதே எங்களுக்குத் தூரம்.

அந்த எண்ணை நான் முதன்முதலில் எண்ணிப் பார்த்தது அப்பாவுக்கு நியூமோனியாக் காய்ச்சல் வந்தபோது. அம்மா இறந்து கனகாலம். நான் கலியாணம் செய்யவில்லை. வீட்டில் அப்பாவும் நானும்தான். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அவர் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கியதும் நான் பயந்துபோய் அக்காவுக்குப் போன் எடுத்து அழுதேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த விமானத்தில் ஏறிவிட்டாள்.

முப்பத்து நான்கு மணித்தியாலம் கழித்து அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியபோது அப்பா கட்டிலில் சாய்ந்திருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருந்து பிடித்திருந்தது. "நீ ஏன் பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனி?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் தலையைத் தடவிவிட்டு, என்னையும் கட்டிப்பிடித்தாள்.

மூன்றாம் நாள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோதுதான் சொன்னாள். அவளுடைய மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு அன்றைக்கு. அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். முதியோர் இல்லத்தில் அவள் பார்க்கும் வேலையிலும் லீவு எல்லாம் முடிந்துவிட்டது.

"இனி உண்மையா அவசரமெண்டால் மட்டும் சொல்லு," என்றாள். குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாள்.

நான் "ஓம்" என்றேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் இருந்துகொண்டது. இரவு பகலாக அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். பயப்படுவதற்கும் எனக்கு உரிமை இல்லையா என்று நினைத்தேன். இனி ஒருநாளும் அவள் வாயால் அப்படி ஒரு சொல் கேட்க மாட்டேன் என்றும் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அப்பாவின் சிறுநீரகங்கள் பழுதாகின. அவருக்கு எண்பத்தாறு வயது. டயலிசிஸ் செய்தாலும் தாங்கமாட்டார் என்றார் வைத்தியர். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். "வெளியிலை இருக்கிற சொந்தக்காரருக்கு அறிவிக்கிறதெண்டால் அறிவியுங்கோ, ரீச்சர்," என்று ஒரு சொல்லும் சேர்த்துச் சொன்னார்.

நான் அறிவித்தேன். ஆனால் எப்படி அறிவித்தேன் என்பதில்தான் என் பிழை தொடங்குகிறது.

"கிட்னி கொஞ்சம் வேலை செய்யுதில்லையாம். வீட்டை கூட்டிக்கொண்டு வந்திட்டன்," என்றேன்.

"கொஞ்சம் எண்டால்? உண்மையைச் சொல்லு. நான் வரவா?"

அந்த 'உண்மையை' என்ற சொல் என்னைக் குத்தியது. போன முறை நான் பொய் சொன்ன மாதிரி. "இப்ப தேவையில்லை அக்கா. அவசரமெண்டால் நான் சொல்லுறன்," என்றேன். சொன்னபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது. அதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அப்பாவை முன் அறையில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் சின்னம்மா, அம்மாவின் தங்கை, காலையும் பின்னேரமும் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, நான் குளித்து வரும்வரை அவருக்குப் பக்கத்தில் இருப்பார். நல்லூர்த் திருவிழாக் காலம். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். வான்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒவ்வொரு வான் சத்தத்துக்கும் அப்பா கண்ணைத் திறந்து யன்னல் பக்கம் பார்த்தார்.

திங்கட்கிழமை அவர் வாயைத் திறக்க மறுத்துவிட்டார். கஞ்சியும் இல்லை, தண்ணீரும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிபோல நான் கரண்டியோடு பக்கத்தில் இருந்தேன்.

"அவளுக்குச் சொன்னனியோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"வாறாளோ?"

அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறொன்றும் சொல்ல என்னால் முடியவில்லை. "வெளிக்கிட்டிட்டா அப்பா. இப்பத்தான் போன் எடுத்தவ," என்றேன்.

அவர் கரண்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அந்தக் கணமே நான் பின்வளவுக்கு ஓடிப்போய் அக்காவுக்குப் போன் எடுத்து, பொய்யை மெய்யாக்கியிருக்கலாம். அங்கே இரவு பத்தரை. காலையில் வேலைக்குப் போகிறவள், நித்திரையாக இருப்பாள், நாளைக்குச் சொல்லலாம் என்று என்னையே சமாதானம் பண்ணினேன். அதைவிட இன்னொரு காரணம் இருந்தது. அக்கா வருகிறாள் என்று கேட்டதும் அப்பா தெளிந்துவிட்டார். முழுக் கோப்பைக் கஞ்சியும் குடித்தார். தலையணையை உயர்த்தச் சொன்னார். இவ்வளவு தெளிவாக இருக்கிறவருக்காக அவளைக் கூப்பிட்டால், வந்து பார்த்துவிட்டு மறுபடியும் அதே வார்த்தையைத்தானே சொல்வாள் என்று யோசித்தேன். நான் சொன்ன பொய்யால் வந்த தெளிவு அது. அதையே நம்பி நான் ஏமாந்தேன்.

அப்பா ஓய்வு பெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். வடபகுதிப் பாதையில் சின்னச் சின்ன ஸ்ரேசன்களில் முப்பத்திரண்டு வருடம் நின்றவர். புறப்பட்ட ஒன்று எங்கே வருகிறது என்று தெரியாமல் அவரால் சும்மா இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் ரயிலையே இந்த வயதிலும் நேரம் பார்த்துச் சரியோ பிழையோ என்று சொல்லுவார்.

"எத்தினை மணித்தியாலம்?" என்றார்.

"முப்பத்து நாலு."

"அப்ப நாளைக்குப் பின்னேரம் ஆறு மணி." கணக்குக்கு அவருக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "இப்ப எங்கை?"

"ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருப்பா."

அன்றைக்கு முழுவதும் அப்படித்தான் போனது. நான் என் பழைய பாடசாலை அட்லஸை எடுத்து வந்து அவருக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். மத்தியானம், "இப்ப பிளேன் எழும்பியிருக்கும் அப்பா," என்றேன். பிறகு கனடாவின் கிழக்குக் கரை. பிறகு அத்திலாந்திக். வளைந்துபோகும் பாதையை விரலால் காட்டினேன். ஏன் நேராக வராமல் வடக்கே வளைந்து வருகிறது என்று கேட்டார். பூமி உருண்டை என்றபடியால் அதுதான் குறுக்கு வழி என்று, வகுப்பில் சொல்லுவதுபோலவே விளங்கப்படுத்தினேன். உண்மையைச் சொல்லவேண்டும். அந்தச் சில மணித்தியாலங்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. அப்பாவும் நானும் அவ்வளவு கதைத்துப் பல வருடம்.

பின்னேரம் ஐந்து மணிபோல சின்னம்மா வந்தார். "அவள் கடல் தாண்டிட்டாள்," என்று அப்பா அவருக்குச் சொன்னார். சின்னம்மா நம்பி, "ஆண்டவர் பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கட்டும்," என்றார்.

அப்போதுதான் என் போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயர். நான் எழுந்து கிணற்றடிக்கு ஓடினேன்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து வீடியோவில் எடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் யன்னலில் காலை வெளிச்சம்.

"அப்பாவைக் காட்டு. மூண்டு நாளாப் பாக்கேல்லை."

"நித்திரை அக்கா."

"இந்த நேரத்திலையோ? எழுப்பன். ரெண்டு சொல்லுக் கதைச்சிட்டு விடுறன்."

"இப்பத்தான் கண்ணை மூடினவர். கஞ்சி முழுக்கக் குடிச்சவர். நாளைக்குக் கதையுங்கோ."

"கஞ்சி குடிச்சவரோ?" அவள் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. எழுப்பாதை. நான் கேட்டனெண்டு சொல்லு."

அவள் வைத்துவிட்டாள். நான் கிணற்றுக் கட்டில் கொஞ்சநேரம் இருந்தேன். இருபது அடி தூரத்தில் அப்பா முழித்திருந்தார். அவருடைய காதில் அந்தப் போனை வைத்திருந்தால் போதும். வைக்கமுடியவில்லை. அவரைப் பொறுத்தவரை அவள் அத்திலாந்திக்கையும் தாண்டிப் பறந்துகொண்டிருந்தாள். அவளை அங்கே ஏற்றியவள் நான். பறக்கிறவளின் குரலை எப்படிக் கொடுப்பது? உள்ளே போனேன். "ஆர் போனிலை?" என்று கேட்டார். "பள்ளிக்கூட ஆள்," என்றேன்.

நான் சொன்ன எல்லாப் பொய்களிலும் இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதன்கிழமை விடிந்தபோது அப்பாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சிறுநீர் போகவேயில்லை. ஏழு மணிக்கு நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"வாங்கோ அக்கா. உடனை வாங்கோ."

"நேற்றுக் கஞ்சி குடிச்சவர் எண்டனி."

"வாங்கோ," என்றேன் மறுபடியும்.

அன்றைய விமானத்தில் இடம் இல்லை. திருவிழாவுக்கு வருகிற சனத்தால் எல்லாம் நிறைந்திருந்தது. அடுத்த நாளுக்குத்தான் ரிக்கற் கிடைத்தது. கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆறரை. அப்பாவுக்கு நான் சொல்லியிருந்தது அன்று பின்னேரம் ஆறு மணி.

பத்து மணிக்கு அப்பா கண்ணைத் திறந்தார். "கட்டுநாயக்காவிலை இறங்கிட்டாளோ?"

"இல்லை அப்பா. டுபாயிலை பிளேன் பிந்திப்போச்சாம்."

"எவ்வளவு லேட்?"

"ஒரு நாளுக்கு மேலை எடுக்கும் போலை."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் பிளாற்போமிலை நிண்டு நான் சனத்துக்குச் சொன்ன கதை பிள்ளை, இது," என்றார் மெல்ல. "'லேட்டுத்தான், இப்ப வந்திடும்' எண்டு சொல்லுவன். எங்கை நிக்குது எண்டு எனக்கே தெரியாது."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அவளை ஏசாதை," என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்ட கடைசிச் சொல் அதுதான். அன்று மாலை அக்கா, விமான நிலையத்துக்கு வெளிக்கிட முதல், மறுபடியும் போன் எடுத்தாள். நான் போனை அவர் காதில் வைத்தேன். அவள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்டதோ தெரியாது. முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் இறந்தார். சின்னம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். அந்த நேரம் அக்கா உண்மையாகவே விமானத்தில் இருந்தாள். டுபாய்க்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்.

மத்தியானம் ஒரு மணி கழிந்து அவள் டுபாயில் இறங்கிப் போன் எடுத்தாள். "அப்பா எப்பிடி?" என்றாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல், ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு. சின்னம்மா எனக்கு முன்னால் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினார். இனிப் பொய் சொல்லக்கூடாது என்று நான் தீர்மானித்திருந்தேன்.

"அப்பா போயிட்டார் அக்கா. பதினொரு மணிக்கு."

அவள் அழவில்லை. "சரி," என்றாள். "சரி. நான் வாறன்." போன் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை வாடகை வானில் இருந்து இறங்கியவள் நேராக அப்பாவின் பெட்டிக்குப் போனாள். பக்கத்தில் இருந்து அவருடைய கோட்டைச் சரிசெய்தாள். என்னோடு இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன். சனிக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து பக்கத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சின்னம்மா அக்காவைத் தேற்றுவதற்காகச் சொன்னார்: "நீ வாற வழியெல்லாம் அவருக்குத் தெரியும் பிள்ளை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் வரேக்கை, நீ கடல் தாண்டிட்டாய் எண்டு எனக்குச் சொன்னவர். என்ன சந்தோஷம் தெரியுமோ."

"செவ்வாய்க்கிழமையோ?" என்றாள் அக்கா.

"ஓம், செவ்வாய். படமெல்லாம் விரிச்சு வைச்சுக்கொண்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். சின்னம்மா சாப்பிட்டுப் போகும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு நான் குசினியில் நிற்க, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் உனக்குப் போன் எடுத்தனான்."

"ஓம்."

"அப்பா நித்திரை எண்டனி."

"ஓம்."

"முழிச்சிருந்தவரோ?"

"ஓம் அக்கா."

"நான் பிளேனிலை எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டு, அதாலை என்ரை குரலைக் குடுக்க ஏலாமல் போச்சு உனக்கு. அப்பிடித்தானே?"

நான் தலையாட்டினேன்.

"ஏன் அண்டைக்கே என்னை வா எண்டு சொல்லேல்லை? நான் கேட்டனான்தானே, வரவா எண்டு."

"போன முறை நீங்கள் சொன்னது எனக்கு…" நான் தயங்கினேன். "உண்மையா அவசரமெண்டால் மட்டும் சொல்லு எண்டு."

"எப்ப?"

"இஞ்சைதான். கோப்பை கழுவேக்கை."

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குழாயடியைப் பார்த்தாள். "நான் அப்பிடிச் சொன்னனானோ?" என்றாள். நடிப்பு இல்லை. அவளுக்கு நினைவே இல்லை. இரண்டு வருடம் நான் தூக்கிக்கொண்டு திரிந்த சொல், அவளிடம் அன்றே இல்லாமல் போயிருந்தது.

"அப்பாவுக்குப் பொய் சொன்னனி. எனக்கும் சொன்னனி," என்றாள் கடைசியாக. "டுபாயிலை மட்டும் ஏன் உண்மையைச் சொன்னனி? அஞ்சு மணித்தியாலம் அந்தக் கதிரையிலை தெரியாத சனத்துக்கு நடுவிலை இருந்தனான். பிறகு பிளேனிலை, பக்கத்திலை திருவிழாவுக்கு வாற ஒரு குடும்பம் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு. அங்கையெண்டாலும் நீ பொய் சொல்லியிருக்கலாம்."

எதைச் சொல்ல வேண்டிய இடத்தில் எதைச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் மாறித்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்பா சொன்ன கடைசிச் சொல்லை அவளுக்குச் சொல்லலாமா என்று நினைத்தேன். 'அவளை ஏசாதை' என்று அவர் சொன்னது யாரைக் குறித்து, எதற்காக என்று அவள் கேட்டால் முழுவதையும் மறுபடி சொல்லவேண்டி வரும். சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. அதுவும் ஒளித்ததாகத்தான் போகும்.

அடுத்த கிழமை அவள் திரும்பிப் போனாள். படலையில் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஆனால் கை இறுகவில்லை.

எங்களுக்குள் கதை நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நான் கோயிலால் வந்த பிறகு, போன் எடுப்பாள். அங்கே சனிக்கிழமை இரவாக இருக்கும். பனி, பிள்ளைகள், அத்தானின் சுகம், இங்கே மழை, மாமரம், சின்னம்மாவின் முழங்கால் எல்லாம் கதைப்போம். முடிக்கும்போது ஒவ்வொரு முறையும், "வேறை ஒண்டும் ஒளிக்கேல்லைத்தானே?" என்று கேட்பாள். பகிடி மாதிரித்தான் கேட்பாள். நான் "இல்லை அக்கா" என்பேன்.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கே அக்காவுக்குச் சொன்னேன். ஸ்கான் படத்தையும் அனுப்பினேன். "அத்தானை விட்டிட்டு இப்ப என்னாலை வர ஏலாது," என்றாள். அவருக்கு இருதயத்தில் குழாய் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "தேவையில்லை அக்கா, இது சின்ன விஷயம்," என்றேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை நாள் காலை, நான் வார்ட்டில் பச்சை உடுப்போடு காத்திருந்தபோது போன் எடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். நான் எல்லாம் சொன்னேன். எத்தனை மணிக்கு எடுப்பார்கள், எவ்வளவு நேரம் எடுக்கும், டொக்ரர் என்ன சொன்னார் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"பக்கத்திலை நேர்ஸ் ஆரும் நிக்கினமோ?" என்றாள்.

"ஓம்."

"போனைக் குடு."

கொடுத்தேன். இளம் பிள்ளை. அவள் என் கட்டிலடியில் நின்று பொறுமையாகப் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு எடுப்பார்கள். ஒரு மணித்தியாலம் போல. சின்னத் துளை போட்டுத்தான். பயப்பட ஒன்றும் இல்லை. நான் சொன்ன அதே விஷயங்களை அதே ஒழுங்கில் அவள் சொன்னாள். அக்கா இடையிடையே ஏதோ திருப்பிக் கேட்டாள்.

கடைசியில் அந்தப் பிள்ளை போனை என்னிடம் தந்தாள். அக்கா வைத்துவிட்டிருந்தாள்.

"உங்கடை அக்கா நல்ல கவனமா விசாரிக்கிறா அன்ரி," என்றாள். "இப்பிடி ஒரு சகோதரம் கிடைக்கிறது பெரிய விஷயம்."

"ஓம் பிள்ளை," என்றேன். அவர்கள் தள்ளுகட்டிலைக் கொண்டுவந்தார்கள்.